பார்த்தாச்சு

பேப்பர்லெஸ் என்ற சொல்லை எங்கள் கிளினிக்குக்குள் கொண்டுவந்தது என் கொழுந்தன். கொண்டுவந்த நாளிலிருந்து வேறு பேச்சே கிடையாது. காலையில் வந்ததும் பேப்பர்லெஸ், மத்தியானம் சாப்பிடும்போது பேப்பர்லெஸ், கை கழுவும்போதும் பேப்பர்லெஸ். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

காகிதத்தின் மேல் எனக்கு ஒன்றும் பாசம் கிடையாது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவரும் அவர் தம்பியும் டாக்டர்கள். வரவேற்பறைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார்ந்து நோயாளிகளைப் பார்ப்பார்கள். அதோடு அவர்கள் வேலை முடிந்தது. மருந்து கம்பெனிக்காரர்களைச் சமாளிப்பது, குழாய் ஒழுகினால் ஆள் பிடிப்பது, பின்னால் இருக்கும் ஃபைல் அறைக்குள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைவது என்று மீதி எல்லாம் என் தலையில்.

அந்த அறையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. சுவரில் ஈரம் ஏறிக் கீழ்த்தட்டு ஃபைல்கள் எல்லாம் ஊறிப்போய் ஒரு நாற்றம். நனைந்த சாக்கும் மருந்தும் கலந்த நாற்றம். ஒருமுறை இருமல் மருந்து பாட்டில் கவிழ்ந்து இரண்டு பேருடைய ஃபைல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிய்த்து எடுத்தால் நடுவில் ஒரு கரப்பான், தட்டையாக, மீசை கலையாமல், யாருடைய சர்க்கரை அளவின் மேலோ படுத்திருக்கிறது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

ஃபேக்ஸ் மெஷின் அதற்கும் மேல். வெள்ளையாக வந்த மெஷின், பல் விளக்காதவன் பல் மாதிரி மஞ்சளாகிவிட்டது. பொத்தானை அழுத்தினால் விரல் ஒட்டிக்கொண்டு வரும். லேப்களும் பெரிய ஆஸ்பத்திரிகளும் இன்னும் அந்தக் கருமத்தில்தான் ரிசல்ட் அனுப்புகிறார்கள், என்ன செய்ய? அது முனகி முனகித் துப்புகிற தாள் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டில் விழும். அண்ணனோ தம்பியோ படித்துவிட்டு மூலையில் ஒரு கிறுக்கல் கிறுக்குவார்கள். கிறுக்கல் இல்லாத தாளை டோக்கன் அக்கா ஃபைலில் வைக்கமாட்டார். வரவேற்பு மேசையில் இருப்பவர் அவர். வருகிறவர்களுக்கெல்லாம் டோக்கன் கொடுத்துக் கொடுத்து அவருடைய சொந்தப் பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஆகவே பேப்பர்லெஸ் என்றதும் நான் குறுக்கே நிற்கவில்லை. நாற்றம் ஒழிந்தால் சரி என்றுதான் நினைத்தேன். எந்த சாப்ட்வேர் வாங்குவது என்பதில்தான் சந்தி சிரித்தது.

முதலில் வந்தவர் ஒரு கறுப்புக் கோட்டு. வேகாத வெயிலில் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து, நெற்றி வேர்வையைக் கோட்டுக் கையாலேயே துடைத்துக்கொண்டு, அதே கையால் எங்கள் கீபோர்டைத் தொட்டார். அவர் போன பிறகு அதை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன். அவருடைய சாப்ட்வேர் அவரைவிட மோசம். ஒவ்வொரு தாளைத் திறக்கும்போதும் 'யார் பார்க்கிறீர்கள்?' என்று ஒரு பெட்டி வந்து வழி மறிக்கும். பெயரையும் ரகசிய எண்ணையும் அடித்தால்தான் வழி விடும். அடுத்த தாளுக்கு மறுபடியும் அதே கேள்வி.

"என்ன அண்ணி இது, சொந்த வீட்டுக்குள்ள நுழையறதுக்கே அடையாள அட்டை கேக்குது" என்றார் கொழுந்தன்.

எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. கறுப்புக் கோட்டுக்கு ஒரு டீ கொடுத்து அனுப்பிவைத்தோம்.

இரண்டாவதாக வந்தவருக்கு நான் வைத்த பெயர் சென்ட்டுக்காரர். ஆள் படி ஏறும்போதே வாசனை உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆள் போன பிறகும் போகாது. ஸ்பிரிட் வாசனையோடு அது கலந்து அடித்த அடியில் காத்திருந்த கர்ப்பிணி ஒருத்தி எழுந்து வெளியே போய் நின்றாள். பேச்சும் அப்படித்தான், வழுவழுவென்று ஒட்டும்.

"மேடம், நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம். எல்லாத்தையும் அதுவே பார்த்துக்கும்" என்றார். அந்த வரியை அவர் எத்தனை தடவை சொன்னார் என்று கேட்காதீர்கள். கொழுந்தன் வாயில் ஈ போவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரையைத் திறந்தால் எல்லாம் தமிழ். வந்தது, பார்த்தாச்சு, அனுப்பியாச்சு என்று மூன்று பெட்டிகள். ஃபேக்ஸ் இனிமேல் மெஷினில் விழாது, நேராகக் கம்ப்யூட்டருக்குப் படமாக வரும். அதில் இருக்கும் பெயரை சாப்ட்வேரே படித்து, அந்த நோயாளியின் ஃபைலில் கொண்டுபோய்ப் போட்டுவிடும்.

"வீட்டுல பேசற மாதிரியே வெச்சிருக்கோம் சார். சிவப்புப் புள்ளின்னா பாக்கி. பச்சைன்னா பார்த்தாச்சு. குழந்தைக்குக்கூடப் புரியும்."

"எங்க கண்ணுல படாம எதுவும் போயிடாதே?" என்று கேட்டார் என் கணவர்.

"சார், சான்ஸே இல்ல."

தமிழில் இருந்தது எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. கொழுந்தன் என்னைப் பார்த்து, "எப்படி அண்ணி, நம்ம ஆளு?" என்று ஏதோ அவரே உட்கார்ந்து எழுதியது போலக் கேட்டார். ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு சென்ட்டுக்காரர் போனார். நான் ஜன்னல்களைத் திறந்துவைத்தேன்.

அந்த மாதத்தில்தான் தையல்காரம்மாவின் ரிசல்ட் வர வேண்டியிருந்தது.

எங்கள் கட்டடத்துக்கு அடுத்த கட்டடத்தில், தெருவைப் பார்த்த ஒரு சின்ன அறையில் ஒற்றை மெஷின் போட்டுத் தைப்பவர். எங்கள் டாக்டர்களின் கோட்டு, ஜன்னல் திரை, பரிசோதனைக் கட்டிலின் விரிப்பு எல்லாம் அவர் கை வேலைதான். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு கட்டி. ஊசி கோர்க்கக் குனியும்போது இடிக்கிறது என்று வந்தார். என் கணவர் இரண்டு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ரிசல்ட்டை எங்களுக்கு ஃபேக்ஸில் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள்.

தையல்காரம்மாவுக்கோ கால் தரையில் நிற்கவில்லை. ஒரு ராத்திரி ரயில் தூரத்தில் இருக்கும் அவருடைய தங்கைக்குப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கும் ஆர்டர் கிடைத்திருந்தது. பன்னிரண்டு மெஷின், பன்னிரண்டு பெண்கள். துணி வெட்டிக் கொடுக்க அக்காவைக் கூப்பிட்டிருந்தாள்.

"ஆயுசு பூரா ஒத்தை டியூப் லைட்டுக்குக் கீழ ஒத்தை ஆளா உக்காந்துட்டேன் டாக்டர். அங்கே போனா வாயத் திறந்து பேசவாவது ஆள் இருக்கும். 'நீ வந்து கத்தரியைப் பிடி அக்கா, மத்ததை நான் பார்த்துக்கறேன்'ங்கறா. கிளம்பட்டுமா?"

"ரிசல்ட் வரட்டும்மா. நான் பார்த்துட்டுச் சொன்னப்புறம் கிளம்புங்க."

"கெட்டதா இருந்தா?"

"இருந்தா முதல்ல அதைத்தான் கவனிக்கணும். அதைத் தள்ளிப்போடவே கூடாது."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு தினமும் வருவார். சட்டைக் கழுத்தில் ஊசிகள் குத்தியிருக்கும், கையில் நூல் ஒட்டியிருக்கும். "என்ன, என் ரிசல்ட் நடந்தே வருதா?" என்று டோக்கன் அக்காவைக் கேட்பார். டோக்கன் அக்கா திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

ஒருநாள் சாயங்காலம் டோக்கன் அக்கா உதட்டைப் பிதுக்கவில்லை. தையல்காரம்மாவின் பெயருக்கு நேரே பச்சைப் புள்ளி.

"வந்துடுச்சு. பார்த்தாச்சுன்னு காட்டுது" என்றார்.

"டாக்டர் பார்த்தாச்சா?"

"பார்த்தாச்சு, பார்த்தாச்சு. ஏதாச்சும் இருந்தா அவரே கூப்பிட்டிருக்க மாட்டாரா?"

நான் பக்கத்தில் நின்று பஞ்சு உருண்டைகளை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தேன். தையல்காரம்மா என் பக்கம் திரும்பினார். நான் "அப்பாடா" என்றேன். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் ஒரு துணி உறையைக் கொண்டுவந்தார். டாக்டர் கோட்டில் மிச்சமான வெள்ளைத் துணி, ஓரத்தில் நீலக் கரை. ஃபேக்ஸ் மெஷினுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலக் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இனிமே இதுக்கு வேலை இல்லைன்னு சொன்னீங்களேக்கா. மூடியாவது வைங்க. பாக்கச் சகிக்கலை" என்றார்.

என் கணவர் அறையிலிருந்து வெளியே வந்தார். "கிளம்பறேன் டாக்டர்" என்றார் தையல்காரம்மா. என் கணவர் திரையை ஒரு பார்வை பார்த்தார். பச்சை. தம்பி பார்த்துச் சொல்லிவிட்டான் போல என்று நினைத்திருக்கிறார். "நல்லபடியா போயிட்டு வாங்கம்மா" என்றார். சத்தம் கேட்டு எட்டிப் பார்த்த கொழுந்தன், அண்ணன் பார்த்துச் சொல்லிவிட்டார் போல என்று நினைத்து, "போய் ஊரையே வெட்டித் தள்ளுங்க" என்று விரல்களைக் கத்தரி போல ஆட்டிக் காட்டினார். எல்லோரும் சிரித்தோம். அன்று ராத்திரி தையல்காரம்மா ரயில் ஏறினார்.

மாதம் முடிந்ததும் சென்ட்டுக்காரர் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தலையணை மொத்தத்துக்குத் தாள்கள்.

"பேப்பர்லெஸ்ஸுக்கு இவ்வளவு பேப்பரா?" என்றார் என் கணவர். சென்ட்டுக்காரர் பல்லை இளித்தார். மத்தியான இடைவேளை, கிளினிக்கில் நாங்கள் மட்டும்தான் இருந்தோம். அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பாருங்க சார். ஒரு மாசத்துல எவ்வளவு ஃபேக்ஸ் வந்திருக்கு. ஒரு சிவப்புப் புள்ளி உண்டா? பாக்கியே கிடையாது. எல்லாமே பார்த்தாச்சு."

என் கணவர் பேனாவைத் திறந்தார். எனக்கு அங்கேதான் உறுத்தியது. இந்த அண்ணனும் தம்பியும் ஒரு நாளாவது மேசையைக் காலி செய்துவிட்டு எழுந்தவர்களா? அந்தப் பிளாஸ்டிக் தட்டில் எப்போதும் நாலு தாள் பாக்கி கிடக்கும். நான் கத்திக் கத்தித்தான் கையெழுத்து வாங்குவேன். ஒரு மாதமாக நான் கத்தவே இல்லை. அப்புறம் எப்படிப் பாக்கி இல்லாமல் போகும்?

"கொஞ்சம் இருங்க" என்றேன். "ஏதாவது ஒண்ணைத் திறந்து காட்டுங்க."

"எதை வேணும்னாலும் மேடம்" என்று சொல்லி மோதிரம் போட்ட விரலால் பட்டியலை ஓட்டவிட்டு, எங்கோ நிறுத்தி, திறந்தார். தையல்காரம்மாவின் பெயர்.

என் கணவர் குனிந்து படித்தார். படித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தார். பேனாவை மூடிக் கீழே வைத்தார். அவர் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். எனக்குப் புரியாத வார்த்தைகள் நிறைய இருந்தன. கடைசி வரி புரிந்தது. தாமதமின்றி அறுவை சிகிச்சைக்கு அனுப்பவும். மேலே தேதி இருந்தது. அந்தம்மா ரயில் ஏறுவதற்கு முந்தின நாள்.

"டேய், இதை நீ எப்போ பார்த்தே?" என்றார் தம்பியிடம்.

"நான் எங்கண்ணா பார்த்தேன்? நீ பார்த்தேன்னு நெனச்சேன். பச்சையா இருந்துச்சே."

"நான் பார்க்கலைடா."

இரண்டு பேரும் டோக்கன் அக்காவைப் பார்த்தார்கள். அவர் எழுந்து நின்றார். முகம் வெளிறிவிட்டது. "சத்தியமா நான் திறக்கவே இல்லை டாக்டர். அன்னிக்கு சாயங்காலம் நான் பாக்கும்போதே பச்சையாத்தான் இருந்துச்சு."

"அப்போ யார்தான் பார்த்தது?"

சென்ட்டுக்காரரின் இளிப்பு அப்போதும் கலையவில்லை. "சிஸ்டம் பார்த்துச்சு சார். பேரைப் படிச்சு ஃபைல்ல போடணும் இல்லையா? படிச்ச உடனே பார்த்தாச்சுன்னு மாத்திடும். அதுதான் சார் இதுல விசேஷமே. உங்களுக்கு வேலை மிச்சம்."

ஃபைல் அறைக் கரப்பானைப் பார்த்தபோதுகூட எனக்கு இப்படிக் குமட்டவில்லை. பார்த்தேன் என்றால் நான். பார்த்தார் என்றால் அவர். பார்த்தாச்சு என்றால் யார்? யாரும் இல்லை. கதவைப் பூட்டியாச்சா, பூட்டியாச்சு. அடுப்பை அணைச்சாச்சா, அணைச்சாச்சு. ஆயுசு பூரா வீட்டில் இப்படிச் சொல்லிச் சொல்லி நிம்மதியாகத் தூங்கியிருக்கிறோம். ஆளே இல்லாத அந்த ஒரு சொல்லைப் பிடித்து, பச்சை வர்ணம் அடித்து, எங்கள் தலையில் கட்டிவிட்டான் இந்த மனிதன். நாங்களும் தமிழில் இருக்கிறது என்று பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கி வைத்துக்கொண்டோம். 'யார் பார்க்கிறீர்கள்?' என்று கேட்ட கறுப்புக் கோட்டுக்கு டீ கொடுத்து விரட்டியிருக்கிறோம். சீ, என்ன பிழைப்பு இது.

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல மேடம், செட்டிங்ஸ்ல மாத்திக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே ஒப்பந்தத் தாள்களை என் பக்கமாக ஒரு விரலால் நகர்த்தினார் சென்ட்டுக்காரர். "இங்க மட்டும் ஒரு கையெழுத்து."

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

"மேடம்..."

"உங்களைப் பார்த்தாலே குமட்டுது. எல்லாத்தையும் எடுத்துட்டு எந்திரிங்க."

தாள்களைக் கொழுந்தனே அடுக்கி சென்ட்டுக்காரர் கையில் திணித்தார். அவர் படி இறங்கும் சத்தம் கேட்டது. வாசனை மட்டும் போகாமல் அறைக்குள்ளேயே நின்றது. டோக்கன் அக்கா அழ ஆரம்பித்திருந்தார். "நான்தான் மேடம் அவங்ககிட்ட சொன்னேன். பார்த்தாச்சு பார்த்தாச்சுன்னு ரெண்டு தடவை சொன்னேன்" என்றார். எனக்கு அவரைச் சமாதானப்படுத்தத் தோன்றவில்லை. நான் சொன்ன 'அப்பாடா' என் காதிலேயே கேட்டுக்கொண்டிருந்தது.

என் கணவர் போனை மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு, எண்ணை அழுத்தினார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு எடுத்தார்கள். எடுத்ததும் பேச்சுக்கு முன்னால் வந்தது மெஷின்களின் சத்தம்தான். பன்னிரண்டும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

"டாக்டரா? என்ன டாக்டர், அதுக்குள்ள உறை கிழிஞ்சுபோச்சா?" தையல்காரம்மாவின் குரலில் சிரிப்பு இருந்தது. சத்தத்தை மீறிக் கத்திப் பேசினார்.

"இல்லம்மா. நீங்க உடனே கிளம்பி இங்க வரணும்."

"இப்பவேவா? இங்க மேசை நிறைய துணி கிடக்குதே டாக்டர். பாதி வெட்டியிருக்கேன். எதுக்கு?"

"உங்க ரிசல்ட் விஷயமாம்மா."

"அதான் பார்த்தாச்சுன்னு சொன்னாங்களே?"

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். "சொன்னாங்கம்மா. ஆனா யாரும் பார்க்கலை. தப்பு நடந்துபோச்சு. தப்பு எங்களோடது. இப்போதான் நான் பார்த்தேன்."

அந்தப் பக்கம் அவர் யாரிடமோ, "கொஞ்சம் நிறுத்துங்கடி" என்றார். ஒரு மெஷின் நின்றது. அடுத்தது நின்றது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன. கடைசி மெஷினும் நின்ற பிறகு அந்த அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றே தெரியாத அளவுக்கு அமைதியாகிவிட்டது.

"யார் பார்த்தது, நீங்களா?" இப்போது அவர் கத்தவில்லை.

"நான்தாம்மா."

"உங்க கண்ணால?"

"என் கண்ணால பார்த்தேன்மா."

அவர் கத்தரியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"சரி டாக்டர்" என்றார். "அப்போ வர்றேன்."